கரித்தூளில் ஒட்டிய உயிர்
ரைசோபியம் பொட்டலத்தின் தரம் அறிவது எப்படி?

விருத்தாசலம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில் மணிலா பயிரிடும் விவசாயிகள் பலர் விதைப்புக்கு முன் ரைசோபியம் பொட்டலம் வாங்குகின்றனர். பிரித்துப் பார்த்தால் உள்ளே சற்று ஈரமான கறுப்புத் தூள் இருக்கும். நெய்வேலிச் சுரங்கத்தின் ஓரம் போய் வந்தவர்களுக்கு அந்தத் தூள் எங்கோ பார்த்த பொருளாகத் தோன்றும். அது சரிதான். பொட்டலத்தில் எடைக்கு நிற்பது பெரும்பாலும் பழுப்பு நிலக்கரித் தூளே.

“கரித்தூளை உரம் என்று விற்கிறார்கள்” என்று கிராமங்களில் சொல்வதுண்டு. இந்தச் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. தூள் உரமல்ல. அந்தத் தூளின் மேல் ஒட்டிக் கொண்டிருக்கும் உயிர்தான் உரம். ஒட்டியுள்ள உயிர் செத்துவிட்டால் பொட்டலத்தில் மிஞ்சுவது கரித்தூள்தான். உயிருள்ள பொட்டலமும் செத்த பொட்டலமும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். பொட்டலத்தின் விலை பெரிதல்ல. ஆனால் அதை நம்பி மானாவாரியில் தழைச்சத்தைக் குறைத்துப் போட்டவருக்கு ஒரு பட்டமே போய்விடக்கூடும்.

ஆகையால் அந்தத் தூளில் உயிர் எப்படி ஒட்டி வைக்கப்படுகிறது, அதை ஆய்வுக்கூடத்தில் எப்படி எண்ணுகிறார்கள், வாங்கியவர் அதை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதை விவசாயிகள் தெரிந்து கொள்வது நல்லது.

சுரங்கத்திலிருந்து பொட்டலத்துக்கு

நெய்வேலியில் கரி இருப்பது 1930களில் தெரிய வந்தது. நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்புப் பொருள் வெளிவந்ததாகக் கூறுவர். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரிப் படுகை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே மின்சாரம் வந்தது. 2016 முதல் அந்த நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா. மின் நிலையத்தோடு யூரியா தொழிற்சாலை ஒன்றும் அங்கு முன்பு இயங்கி வந்தது. இன்று அது இல்லை. ஒரு காலத்தில் யூரியா மூட்டை தந்த ஊரின் கரி, இன்று யூரியாவைக் குறைக்க உதவும் பொட்டலத்துக்குள் போகிறது.

பழுப்பு நிலக்கரி இளங்கரி. மரம் மட்கி முழுக் கரியாக மாறும் பாதையில் நடுவழியில் நிற்பது. வெட்டி எடுக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். மின் நிலையத்தாருக்கு இந்த ஈரம் ஒரு தொல்லை. கொதிகலனில் போட்டால் வெப்பத்தில் ஒரு பங்கு அந்த நீரை ஆவியாக்கவே செலவாகிறது. நுண்ணுயிர் வளர்ப்போருக்கோ அதே குணம் ஒரு வரம். இவ்வளவு நீரைப் பிடித்து வைக்கும் பொருளில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் பொந்துகளும் ஏராளம் இருக்க வேண்டும் அல்லவா?

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ரைசோபியத்தைப் ‘பீட்’ என்னும் சதுப்பு மட்கில் கலந்து விற்பார்கள். நம் நாட்டில் நல்ல பீட் அரிது. நீலகிரிப் பள்ளத்தாக்குகளில் ஓரளவு உண்டு. ஆனால் அதை வெட்டினால் மலையின் நீர் ஊற்றுகளுக்கே கேடு. ஆகவே தமிழ்நாட்டில் பீட்டுக்குப் பதிலாகப் பழுப்பு நிலக்கரி கையாளப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், வேளாண்மைத் துறையின் கடலூர், சேலம், குடுமியான்மலை போன்ற இடங்களிலுள்ள உயிர் உர உற்பத்தி மையங்களும் இந்த வழியில் பொட்டலங்கள் தயாரித்து வந்துள்ளன.

ஏன் ஒட்ட வைக்க வேண்டும்?

ரைசோபியம் ஒரு பாக்டீரியா. நீளத்தில் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை இருக்கும். சர்க்கரைப் பொருளும் ஈஸ்ட் சாறும் கலந்த திரவத்தில் விட்டுக் கலக்கிக் கொண்டேயிருந்தால் சில நாட்களில் ஒரு மில்லிலிட்டருக்கு நூறு கோடி வரை பெருகும். அதோடு தொல்லையும் தொடங்கும். இரை தீர்ந்துவிடும், அவை வெளியிட்ட கழிவே அவற்றுக்கு நஞ்சாகும். சாதாரணத் திரவத்தில் அப்படியே விட்டால் பெருகிய வேகத்திலேயே மடியவும் தொடங்கும்.

கரித்தூளில் கலந்தால் நிலைமை மாறுகிறது. பாக்டீரியா தன் உடலைச் சுற்றி ஒரு பசையைச் சுரக்கும் இயல்புடையது. அந்தப் பசையைக் கொண்டு துகளின் பொந்துகளில் ஒட்டிக் கொள்கிறது. பொந்துக்குள் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. கழிவைக் கரி ஓரளவு உறிஞ்சிக் கொள்கிறது. ஓட்டம் குறைந்து பாக்டீரியா அடங்கி வாழத் தொடங்கும். கோடையில் வயல் நத்தை வாயை மூடிக் கொண்டு மண்ணுக்குள் கிடந்து, மழை வந்ததும் நகரத் தொடங்குவதைப் போன்றதுதான் இது. மாதக் கணக்கில் உயிரோடு காத்திருக்க இந்த ஒட்டுதலே காரணம்.

தயாரிப்பு முறையையும் சுருக்கமாகப் பார்க்கலாம். கரியை உலர்த்தி மாவாக அரைத்துச் சலிப்பார்கள். மண்ணைப் போலவே கரியிலும் அமிலத்தன்மை உண்டு. அமிலம் ரைசோபியத்துக்கு ஆகாது. எனவே கால்சியம் கார்பனேட் கலந்து கார அமில நிலையை 7 அளவுக்குக் கொண்டு வருவார்கள். பிறகு அழுத்தக் கொதிகலனில் வைத்து, அதாவது பெரிய பிரஷர் குக்கரைப் போன்ற ஒன்றில் வேக வைத்து, கரியில் ஏற்கெனவே இருக்கும் வேண்டாத நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுவார்கள். களை எடுக்காத நிலத்தில் விதைத்தால் என்ன ஆகுமோ அதுதான் வேகாத கரியில் ரைசோபியத்தைக் கலந்தாலும் ஆகும். ஆறிய தூளில் திரவத்தை ஊற்றிப் பிசறி, ஆழமற்ற தட்டுகளில் பரப்பி, இரண்டு மூன்று நாள் மூடி வைத்துப் பக்குவப்படுத்திய பின் 200 கிராம் பொட்டலமாக அடைக்கிறார்கள். ஈரம் 30 முதல் 40 சதம் இருக்க வேண்டும். குறைந்தால் பாக்டீரியா காய்ந்து சாகும். மிகுந்தால் தூள் களியாகி, காற்று புகாமல் போகும்.

உயிரை எண்ணும் விதம்

பொட்டலத்தில் எத்தனை உயிர் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நுண்ணோக்கியில் பார்த்து எண்ணலாம் என்று தோன்றும். கரித்துகள் மறைக்கும். அதோடு, செத்த பாக்டீரியாவும் உயிருள்ள பாக்டீரியாவும் சாதாரண நுண்ணோக்கியில் ஒன்று போலவே தெரியும். நமக்கு வேண்டியது உயிருள்ளவற்றின் கணக்கு.

இதற்கும் ஒட்ட வைப்பதுதான் வழி. இம்முறை கரியில் அல்ல, அகாரில். அகார் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள். நம் வீடுகளில் நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சி இறக்கித் துண்டு போடுவார்களே, அதே பொருள்தான். ராமேசுவரம், மண்டபம் கரையில் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகார் கிடைக்கிறது. ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற மருத்துவ அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் முதலில் உருளைக்கிழங்குத் துண்டிலும் ஜெலட்டினிலும் பாக்டீரியா வளர்த்தார்கள். கோடையில் ஜெலட்டின் உருகி ஓடும். சில பாக்டீரியாக்கள் அதையே தின்று கரைத்துவிடும். அங்கு பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் பழக்கூழ் உறைய வைக்கப் பயன்படுத்திய அகாரை 1881-ல் சொல்லிக் கொடுத்தார். அடுப்பங்கரையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போன அந்தப் பொருளை விடச் சிறந்த மாற்றை இன்றுவரை எல்லோரும் கைக்கொள்ளும்படி எவரும் தரவில்லை.

அகார் ஒரு முறை உறைந்துவிட்டால் ஏறக்குறைய கொதிநிலைக்குப் பக்கத்தில் போனால்தான் மறுபடி உருகும். அதனால் நம் ஊர் வெயிலிலும் தட்டு கெட்டியாக நிற்கிறது.

ஆய்வாளர் பொட்டலத்திலிருந்து 10 கிராம் தூளை எடுத்து, நுண்ணுயிர் நீக்கிய 90 மில்லிலிட்டர் நீரில் நன்றாகக் குலுக்குகிறார். துகளில் ஒட்டியிருந்த பாக்டீரியா நீருக்கு வருகிறது. அந்த நீரில் ஒரு மில்லிலிட்டரை எடுத்து 9 மில்லிலிட்டர் புது நீரில் விடுகிறார். அதிலிருந்து ஒன்று, அடுத்த ஒன்பதில். இப்படி ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்றாகக் குறைந்து, ஆறாவது படியில் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு கிராம் தூளின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே இருக்கும். அந்த ஒரு மில்லிலிட்டரைக் கண்ணாடித் தட்டில் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் உள்ள அகார் கலவையை மேலே ஊற்றிச் சுழற்றி உறைய விடுகிறார்.

உறைந்ததும் ஒவ்வொரு பாக்டீரியாவும் விழுந்த இடத்திலேயே மாட்டிக் கொள்ளும். நகர முடியாது. இருக்கும் இடத்திலேயே ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகிறது. ஒரு புள்ளி என்றால் ஆரம்பத்தில் அங்கே உயிருள்ள ஒன்று இருந்தது என்று கணக்கு. செத்தது புள்ளி வைக்காது. நாற்றங்காலில் முளைத்ததை எண்ணி விதையின் முளைப்புத் திறனைக் கணக்கிடுவது போலத்தான். மணிலாவுக்கான ரைசோபிய இனம் மெதுவாக வளர்வது. அதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும்.

கலவையில் காங்கோ சிவப்பு என்ற சாயமும் சேர்ப்பார்கள். ரைசோபியம் அந்தச் சாயத்தை அவ்வளவாக ஏற்காமல் வெண்மையாகப் பளபளக்கும். கலப்படமாகப் புகுந்த பல நுண்ணுயிர்கள் சிவந்து போகும். ஒரு தட்டில் 62 வெள்ளைப் புள்ளிகள் இருந்தால், அதைப் பத்து லட்சத்தால் பெருக்க, ஒரு கிராமில் 6 கோடியே 20 லட்சம் உயிர்.

2006-ல் உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டு வரப்பட்டன. அதன்படி தூள் வடிவ ரைசோபியத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். ஒரு லட்சம் மடங்கு நீர்த்த தட்டில் வேறு நுண்ணுயிர் தலைகாட்டக் கூடாது. எண்ணிக்கை மட்டும் போதாது, பயறுச் செடியில் இட்டுப் பார்த்து முடிச்சு உண்டாவதையும் காண வேண்டும்.

ஐந்து கோடி என்பது பெரிதா?

கேட்பதற்குப் பெரிய தொகை. விதைக்குப் பங்கு போட்டுப் பார்த்தால்தான் அருமை தெரியும். எக்டருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, 3 பொட்டலம் விதை நேர்த்திக்குப் பரிந்துரை. ஒரு பொட்டலம் 200 கிராம். அதில் ஆயிரம் கோடி. மூன்றுக்கு மூவாயிரம் கோடி. இரண்டரை ஏக்கருக்கு 125 கிலோ மணிலாப் பருப்பு வேண்டும் என்று வைத்துக் கொண்டால், நூறு பருப்பு 40 கிராம் எடை என்ற கணக்கில் மூன்று லட்சத்துக்கு மேல் பருப்பு. ஆளுக்கு, அதாவது பருப்புக்கு, ஏறத்தாழ ஒரு லட்சம் பாக்டீரியா கிடைக்கிறது. அத்தனையும் வேருக்குப் போய்ச் சேராது. விதைத் தோல் உலரும்போது கொஞ்சம், மண்ணின் சூட்டில் கொஞ்சம், மண்ணிலே ஏற்கெனவே வாழும் நுண்ணுயிர்களோடு போட்டியில் கொஞ்சம் என்று பெரும்பகுதி கழிந்து போகும்.

அதே பொட்டலத்தை வைகாசி வெயிலில் இருசக்கர வண்டிப் பெட்டியில் வைத்து ஊர் சுற்றினால் என்ன ஆகும்? பெட்டிக்குள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடும். ஆயிரத்தில் ஒன்று மிஞ்சினாலும் பருப்புக்கு நூறுதான். அந்த நூறு விதைப் போட்டியில் காணாமல் போய்விடும். பொட்டலத்தின் மேல் அச்சிட்ட காலாவதித் தேதி, நிழலில் வைத்த பொட்டலத்துக்குத்தான். வெயிலில் வைத்ததற்கு அல்ல.

வாங்கும்போது கடைக்காரர் பொட்டலத்தை எங்கிருந்து எடுக்கிறார் என்று கவனிப்பது நல்லது. தகரக் கூரையின் கீழ் யூரியா மூட்டைமேல் அடுக்கி வைத்ததை வாங்க வேண்டாம். பயிரின் பெயர், தயாரித்த நாள், காலாவதி நாள், தொகுதி எண், உயிர் எண்ணிக்கை ஆகியவை உறையில் இருக்க வேண்டும். பயிரின் பெயர் முக்கியம். உளுந்துக்கான இனம் மணிலாவுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. மணிலாவுக்கு டி.என்.ஏ.யு 14 என்ற இனம் பரிந்துரைக்கப்படுகிறது. வீட்டில் உடனே பயன்படுத்தாவிட்டால், ஈர மணல் பரப்பின் மேல் வைத்த மண்பானைக்குள் போட்டு நிழலில் வைக்கலாம். பூச்சிமருந்து வைக்கும் அலமாரியில் வைக்கவே கூடாது.

விதையில் ஒட்ட வைப்பது

மூன்றாவது ஒட்டுதல் விவசாயியின் கையில் இருக்கிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் தூளைக் குழைத்து, பருப்பின் தோல் உரியாமல் மென்மையாகப் புரட்ட வேண்டும். சூடான கஞ்சி ஊற்றிப் பாக்டீரியாவை வேக வைத்துவிடுகிறவர்கள் சிலர் உண்டு. புரட்டிய விதையைக் கோணியில் பரப்பி நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். மறுநாளைக்கு மேல் வைக்கலாகாது.

பூசணக் கொல்லி கலக்க வேண்டியிருந்தால் அதை முதலில் கலந்து, குறைந்தது 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் கலக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாளியில் கலப்பது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதாகும். பூசணக் கொல்லி கலந்த விதையே கைக்கு வந்திருந்தால், விதையை விட்டுவிட்டு மண்ணில் இடுவது மேல். எக்டருக்கு 10 பொட்டலத்தை 25 கிலோ மட்கிய தொழு உரம், 25 கிலோ மணலோடு கலந்து விதைப்புக்கு முன் தூவலாம். செலவு கூடும் என்றாலும் உயிர் வீணாகாது.

முடிச்சு வந்தது, அது யாருடைய முடிச்சு?

விதைத்த 35 முதல் 40 நாளில் நான்கைந்து செடிகளைப் பிடுங்காமல், சுற்றி மண்ணோடு தோண்டி எடுத்து, வாளி நீரில் ஊற வைத்து மண்ணைக் கழுவிப் பார்க்க வேண்டும். வேரில் கடுகு அளவு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் நறுக்கினால் உள்ளே இரத்தச் சிவப்பு இருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். நம் இரத்தத்தின் சிவப்புப் பொருளுக்கு உறவான ஒரு பொருள்தான் அந்த நிறத்தைத் தருகிறது. வெளுத்தும் பச்சையாகவும் இருப்பவை தழைச்சத்தைச் சேர்ப்பதில்லை. மானாவாரி மணிலாவுக்கு எக்டருக்கு 10 கிலோ தழைச்சத்தே பொதுப் பரிந்துரை. செடி எடுத்துக் கொள்வதோ அதைப் போலப் பல மடங்கு. மீதி பெருமளவும் இந்தச் சிவந்த முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்துத் தருவது. பயறுச் செடிகள் காற்றின் தழைச்சத்தைப் பயன்படுத்துவது முடிச்சுகளால்தான் என்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் ஆகிய இருவர் 1880களில் நிலைநாட்டினர். 1888-ல் ஹாலந்து நாட்டு பெயரிங்க் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

ஆனால் முடிச்சைக் கண்டதுமே பொட்டலம் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. தலைமுறையாக மணிலா விளையும் செம்மண்ணில் மணிலாவில் முடிச்சு போடும் நாட்டு ரைசோபியம் ஏற்கெனவே குடியிருக்கும். பொட்டலம் போடாத செடியிலும் முடிச்சு வரும். அவற்றில் சில நன்றாக உழைக்கும். சில செடியின் சர்க்கரையைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். நறுக்கிப் பார்த்து இது பொட்டலத்தது, இது மண்ணினது என்று சொல்ல எவராலும் முடியாது.

இதைப் பிரித்தறிய ஆய்வுக்கூடத்தில் நான்காவது ஒட்டுதல் ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட ரைசோபிய இனத்தை முயலின் உடலில் செலுத்தினால், முயலின் இரத்தத்தில் அந்த இனத்தை அடையாளம் கண்டு பற்றிக் கொள்ளும் எதிர்ப்புப் புரதம் உண்டாகிறது. அம்மைத் தடுப்பு ஊசிக்குப் பின் நம் உடலில் உண்டாவதைப் போன்றதுதான். அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து, 96 சிறு குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி வைக்கிறார்கள். பணியாரச் சட்டியைப் போல எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி. பாலிஸ்டைரின் என்னும் அந்தப் பிளாஸ்டிக்கின் பரப்பில் புரதம் தானாகவே ஒட்டிக் கொள்ளும். பசை எதுவும் வேண்டாம். ஒட்டாமல் மிஞ்சிய வெற்றிடத்தில் வேறு எதுவும் வந்து ஒட்டிக் குழப்பாமல் இருக்க, கொழுப்பு நீக்கிய பால் பொடிக் கரைசலால் நிரப்புவது வழக்கம். பால் புரதம் அந்த இடங்களை அடைத்துக் கொள்ளும்.

பிறகு முடிச்சை நசுக்கிய சாற்றைக் குழியில் விடுகிறார்கள். நமது இனம் இருந்தால் குழியில் ஒட்டியிருக்கும் புரதம் அதைப் பற்றிக் கொள்ளும். வேறு இனமானால் பற்றாது. இப்போது நன்றாகக் கழுவ வேண்டும். குழியில் ஒட்டியிருப்பது கழுவினாலும் போகாது. அது பற்றியதும் போகாது. பற்றப்படாத மற்றதெல்லாம் நீரோடு போய்விடும். இந்தக் கழுவுதலுக்காகத்தான் ஒட்ட வைப்பதே. திரவத்தில் மிதக்கும் ஒன்றைக் கழுவ முடியுமா? கடைசியில், நிறம் உண்டாக்கும் நொதி பிணைத்த எதிர்ப்புப் புரதத்தை விட்டு, மறுபடி கழுவி, நிறப்பொருளைச் சேர்த்தால் நமது இனம் இருந்த குழி மஞ்சளாகும். இல்லாத குழி நிறமின்றி இருக்கும். நூறு முடிச்சில் எத்தனை பொட்டலத்து இனம் என்று எண்ணிவிடலாம்.

‘எலிசா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த முறையை 1971-ல் சுவீடனில் எங்வால், பெர்ல்மான் ஆகியோர் வெளியிட்டனர். சில ஆண்டுகளில் அது பயிர் நோய் ஆய்வுக்கும் வந்தது. வாழையில் முடிக்கொத்து நோய் நச்சுயிரி இருக்கிறதா என்று திசு வளர்ப்புக் கன்றுகளைச் சோதிப்பதும் இந்தக் குழித்தட்டில்தான். சரியாகக் காயாத மணிலாவில் பூசணம் சுரக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சை அறியவும் இதே தத்துவம் உதவுகிறது. பதன்சேருவிலுள்ள இக்ரிசாட் நிலையம் அதற்கான சோதனை முறையை மணிலாவுக்கென உருவாக்கியது. குடலையை ஈரத்தோடு அம்பாரம் போடக்கூடாது என்று சொல்வதெல்லாம் அந்த நஞ்சை நினைத்துத்தான். அது வேறு கதை.

எலிசாவுக்கும் வரம்பு உண்டு. உறவு நெருங்கிய இரு இனங்களை முயல் புரதம் சில சமயம் ஒன்றாகவே எண்ணிப் பற்றிவிடும். இனம் இருக்கிறதா என்று அது சொல்லுமே தவிர, உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. செத்த பாக்டீரியாவின் மேல்தோலையும் அது பற்றும். உயிரை அறிய அகார் தட்டுக்கே திரும்ப வேண்டும். ஒன்று எண்ணுகிறது, மற்றொன்று ஆளை அடையாளம் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழு உண்மை. இந்தச் சோதனை ஆராய்ச்சியாளருக்குரியது. ஒவ்வொரு வயலுக்கும் செய்யக் கூடியதல்ல.

வயலில் செய்யக் கூடியது வேறு. விதைக்கும்போது ஒரு மூலையில் இரண்டு சென்ட் நிலத்தில் ரைசோபியம் கலக்காத விதையை முதலில் போட்டு, நான்கு முனையிலும் குச்சி நட்டு வைக்க வேண்டும். மற்ற உரம், நீர் எல்லாம் ஒன்று போலவே. நாற்பதாம் நாள் இரு பக்கமும் ஐந்தைந்து செடி தோண்டிச் சிவந்த முடிச்சுகளை எண்ணலாம். அறுவடையில் காய் எடையைத் தனித்தனியே போட்டுப் பார்க்கலாம். வித்தியாசம் இல்லையென்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: பொட்டலம் செத்தது, அல்லது அந்த மண்ணிலுள்ள நாட்டு ரைசோபியமே போதுமானது. இரண்டாவது உண்மையானால் ஆண்டுதோறும் செலவழிக்கத் தேவையில்லை. எல்லா வயலிலும் ரைசோபியம் விளைச்சலைக் கூட்டிவிடும் என்று எழுதுகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். மணிலாவோ பயறோ பல ஆண்டு காணாத நிலம், சுரங்க மண் கொட்டிச் சமன் செய்த நிலம், நீண்ட நாள் நெல் மட்டுமே நின்ற நிலம் ஆகியவற்றில் பலன் கண்கூடாகத் தெரிய வாய்ப்பு அதிகம்.

இப்போது திரவ வடிவ உயிர் உரங்களும் பரவலாக வந்துவிட்டன. அவற்றில் உயிரைக் காக்கும் பொருள்களைச் சேர்த்திருப்பதால், பழைய திரவத்தைப் போலச் சீக்கிரம் மடிவதில்லை. ஆணைப்படி ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 10 கோடி இருக்க வேண்டும். கையாள எளிது, கரித்தூளை அரைப்பதும் அவிப்பதும் மிச்சம். ஆனால் புட்டியானாலும் வெயில் வெயில்தான். அளவை உறையில் உள்ளபடி பின்பற்ற வேண்டும். தூளுக்குரிய கிராம் கணக்கைத் திரவத்துக்குப் பொருத்தக் கூடாது.

பொட்டலத்தின் மேல் சந்தேகம் வந்தால், அதே தொகுதி எண் உள்ள பிரிக்காத பொட்டலம் ஒன்றையும் ரசீதையும் நிழலில் பத்திரப்படுத்தி, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். உர ஆய்வாளர் கடையிலிருந்தே முறைப்படி மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்ப அதிகாரம் பெற்றவர். பிரித்த பொட்டலத்தைக் கொண்டு போனால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். காலாவதி நாளுக்கு முன்பே புகார் போக வேண்டும்.